கசிவு குறைந்தால் செல் பிழைத்ததா?

சிறுநீரக ஆராய்ச்சிச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமே ஆகியிருக்கும்: இந்த மருந்து, புரதத்தால் வரும் சேதத்திலிருந்து சிறுநீரகத்தின் வடிகட்டி செல்களைப் பாதுகாக்கிறது. மருந்தின் பெயர் மாறும், சில சமயம் மருந்துக்குப் பதில் ஒரு மூலிகைச் சாறு இருக்கும். வாக்கியம் மாறாது.

இந்த மாதிரி வாக்கியம் வருகிற ஆய்வுத்தாள்களை எடுத்து, ‘பாதுகாக்கிறது’ என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையில் எதை அளந்தார்கள் என்று மட்டும் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறேன். அநேகமாக அளந்திருப்பது சிறுநீரில் எவ்வளவு புரதம் போகிறது என்பதைத்தான். செல்லை எண்ணியவர்கள் குறைவு. நோயாளியின் சிறுநீரகம் ஐந்து வருஷம் கழித்து எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

சரி, இதுல என்ன தப்பு? புரதம் கசிவது குறைந்தால் வடிகட்டி சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. கசிவு குறைவது நல்ல செய்தியாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கசிவு குறைந்தது ஒரு விஷயம், செல் பிழைத்தது இன்னொரு விஷயம், சிறுநீரகம் தப்பித்தது மூன்றாவது விஷயம். மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் ஆராய்ச்சியாளர்களிடமும் இருக்கிறது, அதை அப்படியே செய்தியாக்குகிற நம்மிடமும் இருக்கிறது.

முதலில் அந்த செல்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கிளாமருலஸ் என்ற ரத்தக்குழாய் முடிச்சு. அந்தக் குழாய்களை வெளியிலிருந்து கட்டிப் பிடித்திருப்பது போடோசைட் என்ற செல். பெயரிலேயே பாதம் இருக்கிறது. ஆக்டோபஸ் மாதிரி கைகளை நீட்டி, அந்தக் கைகளிலிருந்து நுண்ணிய பாதங்களை விரித்து, பக்கத்துச் செல்லின் பாதங்களோடு விரல்களைக் கோத்த மாதிரி நிற்கும். அந்த விரல் இடுக்குகளில் ஒரு மெல்லிய பிளவுச் சவ்வு. தண்ணீரும் உப்பும் யூரியாவும் இதன் வழியே போகும். ஆல்புமின் போன்ற பெரிய புரதங்கள் ரத்தத்திலேயே நிற்கும்.

எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். நாளொன்றுக்கு வடிகிற நீர் சுமார் 180 லிட்டர். ரத்த நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 40 கிராம் ஆல்புமின் உண்டு. தடுப்பே இல்லையென்றால் 7 கிலோவுக்கு மேல் ஆல்புமின் தினமும் அந்தப் பக்கம் போயிருக்கும். ஆரோக்கியமான ஒருவரின் ஒரு நாள் சிறுநீரில் இருப்பது 30 மில்லிகிராமுக்கும் குறைவு.

இந்தச் செல்லின் சோகம், அது முதிர்ந்தபின் பிரிந்து பெருகாது. தோல் கீறினால் புதுத்தோல் வரும். போடோசைட் கழன்று சிறுநீரோடு போய்விட்டால் அந்த இடத்தை நிரப்ப ஆள் வருவது மிக அரிது. பக்கத்துச் செல்கள் பெருத்துக் கொஞ்சம் சமாளிக்கும், அவ்வளவுதான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரோஜர் விக்கின்ஸ் குழு 2005ல் வெளியிட்ட எலிச் சோதனை எனக்கு இந்தத் துறையிலேயே மிகத் தெளிவான ஒன்று. எலிகளை டிப்தீரியா நச்சு அவ்வளவாகப் பாதிக்காது. போடோசைட்டில் மட்டும் அந்த நச்சு ஒட்டிக்கொள்ளும்படி மரபணுவை மாற்றி, அளவு பார்த்து நச்சைக் கொடுத்தார்கள். அதாவது வேறு எந்த செல்லையும் தொடாமல், வேண்டிய அளவு போடோசைட்டை மட்டும் கொல்லும் வசதி. 20 சதவீதம் வரை போனால் எலி பெரும்பாலும் சமாளித்தது. கசிவு வந்து நின்றுவிட்டது. 20க்கும் 40க்கும் நடுவில் லேசான தழும்பும் நிற்காத கசிவும். 40 சதவீதத்தைத் தாண்டினால் தழும்பு பரவி, கசிவு கடுமையாகி, வடிதிறனும் விழுந்தது.

கவனியுங்கள், இங்கே புரதம் எதையும் கொல்லவில்லை. செல் செத்தது முதலில், புரதம் ஒழுகியது பிறகு. ‘புரதச் சேதம்’ என்ற சொல்லில் இருக்கிற காரண காரிய வரிசை இந்தச் சோதனையில் தலைகீழாக இருக்கிறது.

எந்தப் புரதம்?

குழப்பத்தில் பாதி இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருவது. நம் பக்கம் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதையும் சிறுநீரில் புரதம் போவதையும் சேர்த்து ‘உப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆய்வுத்தாள் எழுதுகிறவர்களும் ‘புரதம்’ என்ற சொல்லில் மூன்று வேறு விஷயங்களை அடைத்துவிடுகிறார்கள்.

ஒன்று, சாப்பிடுகிற புரதம். 1982ல் பாரி பிரென்னரும் சகாக்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அதிகப் புரதம் சாப்பிட்டால் கிளாமருலஸுக்குள் ரத்த ஓட்டமும் அழுத்தமும் கூடுகிறது. ஏற்கெனவே சில நெஃப்ரான்களை இழந்த சிறுநீரகத்தில் மிச்சமிருப்பவை இந்தச் சுமையில் தேய்ந்துபோகின்றன. எலியில் அழகாக நிரூபணமானது. மனிதரிடம் சோதித்தது அமெரிக்காவின் எம்டிஆர்டி ஆய்வு, 840 பேர், 1994ல் முடிவு. முதல் பிரிவில் உடல் எடையில் கிலோவுக்கு 1.3 கிராம் புரதம் சாப்பிட்டவர்களையும் 0.58 கிராம் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் நான்கு மாதம் குறைவாகச் சாப்பிட்டவர்களின் வடிதிறன் வேகமாக இறங்கியது, பிறகு மெதுவாக இறங்கியது. மொத்தத்தில் தெளிவான வித்தியாசம் எதுவும் தேறவில்லை. கருத்து பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எலியில் பார்த்த அளவு பலன் மனிதரிடம் கைக்கு வரவில்லை, அதுதான் விஷயம். இன்றைய சர்வதேச வழிகாட்டுதலும் நடுத்தர, தீவிர நிலை நாள்பட்ட நோயில் கிலோவுக்கு 0.8 கிராம் என்றுதான் சொல்கிறது. பருப்பையும் முட்டையையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு எலும்பும் தோலுமாக ஆவதற்கு அதில் இடமே இல்லை.

இரண்டு, கசிகிற புரதம். இத்தாலியின் ஜியூசெப்பே ரெமுஸ்ஸி குழுவின் வாதம் இது. வடிகட்டி வழியே தப்பி வந்த புரதம் சும்மா வெளியே போவதில்லை; நுண்குழல் செல்கள் அதை அள்ளி விழுங்கித் திணறி, அழற்சியையும் தழும்பையும் கிளப்புகின்றன, போடோசைட்டும் இதில் அடிபடுகிறது என்றார்கள். 1998ல் வந்த அவர்களின் மதிப்புரை இந்தத் துறையின் போக்கையே தீர்மானித்தது எனலாம். இந்தப் பார்வையில் புரதம் வெறும் அடையாளம் இல்லை, அதுவே குற்றவாளி.

நல்ல வாதம். ஆனால் இதற்கு எதிரே ஒரு நோய் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருக்கிறது: மினிமல் சேஞ்ச் நோய். குழந்தைகளிடம் அதிகம் பார்ப்பது. முகமும் காலும் வீங்கும், சிறுநீர் நுரைக்கும், புரதம் கொட்டோ கொட்டென்று கொட்டும். சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் கிளாமருலஸ் கிட்டத்தட்ட பழுதில்லாமல் இருக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் போடோசைட்டின் பாதங்கள் தட்டையாகிக் கிடப்பது தெரியும். ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரத்தில் நின்றுவிடும். மறுபடி வரும், மறுபடி நிற்கும். இப்படிப் பல வருஷம் போனாலும் மருந்துக்குக் கட்டுப்படுகிற குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது மிக அபூர்வம். கசிகிற புரதமே விஷம் என்றால், இவ்வளவு விஷத்தைக் குடித்த இந்தச் சிறுநீரகங்கள் எப்படித் தப்பின?

பதில்கள் உண்டு. இந்த நோயில் ஆல்புமின் மட்டும்தான் அதிகம் போகிறது, மற்ற நோய்களில் இன்னும் பெரிய, மோசமான புரதங்களும் போகின்றன என்பார்கள். கசிவு விட்டுவிட்டு வருவதால் இடையில் ஆற நேரம் கிடைக்கிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் ‘புரதம் கசிந்தால் செல் சாகும்’ என்று பொதுப்படையாக எழுதுகிற ஒவ்வொரு தாளும் இந்தக் குழந்தைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

மூன்று, செல்லிலேயே இருக்கிற, அல்லது செல்லைத் தேடி வந்து தாக்குகிற புரதம். என் பார்வையில் ‘புரதச் சேதம்’ என்ற சொல்லுக்கு உண்மையிலேயே தகுதியானது இதுதான். 1998ல் கார்ல் டிரிக்வாசன் குழு, ஃபின்லாந்தில் பிறவியிலேயே வருகிற ஒரு கசிவு நோயின் மரபணுவைத் தேடிப் போய், பிளவுச் சவ்வின் முக்கியப் புரதமான நெஃப்ரினைக் கண்டுபிடித்தது. அது பழுதானால் குழந்தை பிறக்கும்போதே வடிகட்டி இல்லை. 2024ல் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று, மினிமல் சேஞ்ச் நோயுள்ள பெரியவர்களில் 44 சதவீதம் பேரின் ரத்தத்தில் அதே நெஃப்ரினுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் காட்டியது. உடம்பே தன் பிளவுச் சவ்வைத் தாக்குகிறது. ஆன்டிபாடி தணிந்தால் பாதங்கள் மறுபடி விரிகின்றன. செல் சாகவில்லை, மயங்கிக் கிடந்து எழுகிறது. மேலே சொன்ன குழந்தைகளின் புதிருக்கு இது ஒரு பாதி பதில்.

அடுத்த உதாரணம் அபோஎல்1. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இருக்கும் இரண்டு மாற்று வடிவங்களை 2010ல் அடையாளம் கண்டார்கள். தூக்க நோய் தரும் ஒட்டுண்ணியைக் கொல்ல உதவுவதால் பரம்பரையில் தங்கிவிட்ட வடிவங்கள். ஆனால் இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்து சேர்ந்தால், அதே புரதம் போடோசைட்டின் சவ்வில் துளை போட்டுச் செல்லைக் கெடுக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இப்படி இரட்டை வடிவம் உண்டு. எல்லோருக்கும் நோய் வருவதில்லை, ஆனால் அபாயம் பல மடங்கு.

மோட்டாரை நிறுத்தினாலும் ஒழுகல் நிற்கும்

இனி அளவுகோலுக்கு வருவோம். ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றினால் ஒழுகல் நிற்கும். மேலே தொட்டிக்குப் போகிற மோட்டாரை நிறுத்தினாலும் கொஞ்ச நேரத்தில் ஒழுகல் நிற்கும். கீழே வைத்த வாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சிறுநீர்ப் புரதம் அந்த வாளி.

இது வெறும் உவமை இல்லை. இண்டோமெதாசின் என்ற வலி மாத்திரை புரதக் கசிவைக் குறைக்கும். ஒரு காலத்தில் அதற்காகவே கொடுத்தார்கள். அது எப்படிக் குறைக்கிறது? வடிதிறனையும் சேர்த்துக் குறைப்பது அதில் ஒரு பெரிய பங்கு. சிறுநீரகம் பலவீனமானவர்கள் வலி மாத்திரையைத் தொடாதீர்கள் என்று இன்றைக்கு எச்சரிப்பதற்கு ஒரு காரணமும் அதுதான். புரதக் கணக்கை மட்டும் பார்த்தால் இண்டோமெதாசின் ஒரு ‘பாதுகாவலர்’.

சைக்ளோஸ்போரின் இன்னும் சுவாரஸ்யமான கேஸ். அது போடோசைட்டின் உள்சட்டகத்தையே நேரடியாகத் தாங்கிப் பிடிக்கிறது என்று 2008ல் காட்டினார்கள். ஆக இது செல்லை நிஜமாகவே காக்கிற மருந்துதான். ஆனால் வருஷக்கணக்கில் கொடுத்தால் அதே மருந்து சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களையும் நுண்குழல்களின் இடைப்பகுதியையும் கெடுக்கும். செல்லைக் காப்பாற்றி உறுப்பை இழப்பதும் நடக்கிற காரியம்தான்.

பெரிய சோதனைகளிலும் இந்தப் பாடம் வந்திருக்கிறது. 2008ல் ஆன்டார்கெட் சோதனையின் சிறுநீரக முடிவுகள் வந்தன, 25,000க்கு மேற்பட்டவர்கள். ராமிப்ரில், டெல்மிசார்டன் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் புரதக் கசிவு தனி மருந்தைவிட நன்றாக அடங்கியது. ஆனால் டயாலிசிஸ், கிரியாட்டினின் இரட்டிப்பு, மரணம் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணினால் இரண்டும் சேர்ந்த பிரிவுதான் மோசம். அதில் சேர்ந்தவர்களில் பலருக்குப் பெரிய கசிவு நோயே இல்லை என்று வாதிட்டார்கள், நியாயமான வாதம். சரி, கசிவு நோய் உள்ளவர்களிடமே பார்ப்போம் என்று சர்க்கரை நோயாளிகளிடம் அலிஸ்கிரென் மருந்தைக் கூடுதலாகச் சேர்த்துப் பார்த்தது ஆல்டிட்யூட் சோதனை, 8,500க்கு மேற்பட்டவர்கள். ஆல்புமின் இன்னும் குறைந்தது. சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ பலன் இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியது, ரத்த அழுத்தம் அதிகமாக இறங்கியது. பாதியிலேயே நிறுத்தி 2012ல் முடிவை வெளியிட்டார்கள்.

2023ல் வந்த டூப்ளெக்ஸ் சோதனை இன்னும் நேரடியானது. இது எஃப்எஸ்ஜிஎஸ் நோயாளிகளிடம் நடந்தது. போடோசைட் போன இடத்தில் கிளாமருலஸின் ஒரு பகுதியில் தழும்பு விழுகிற நோய் அது. 371 பேர். புது மருந்தான ஸ்பார்சென்டனையும் பழைய இர்பிசார்டனையும் ஒப்பிட்டார்கள். சிகிச்சை முடிவில் புரதம் ஒன்றில் 50 சதவீதம் குறைந்திருந்தது, மற்றதில் 32. பெரிய வித்தியாசம். ஆனால் 108 வாரங்களில் வடிதிறன் சரிந்த வேகத்தில் புள்ளியியல் ரீதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு வருஷம் போதாது, மெதுவான நோய்க்கு அவகாசம் வேண்டும் என்ற பதிலை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதில் என் கட்சிக்குத்தான் பலம்: புரதம் குறைந்ததை வைத்து அன்றே தீர்ப்பு எழுதியிருக்க முடியாது.

சின்னச் சோதனைகள் செய்கிற சேதம் வேறு ரகம். 2013ல் அபடசெப்ட் என்ற மருந்தைக் கொடுத்து, சிகிச்சைக்கு மசியாத எஃப்எஸ்ஜிஎஸ் அடங்கியதாக ஒரு அறிக்கை வந்தது. நோயாளிகள் ஐந்தே பேர். அவர்களின் போடோசைட்டில் பி7-1 என்ற புரதம் முளைத்திருக்கிறது, மருந்து அதைப் பிடிக்கிறது என்பது விளக்கம். கேட்க அற்புதமாக இருந்தது. பிறகு வேறு ஆய்வகங்கள் மனிதப் போடோசைட்டில் அந்தப் புரதத்தைத் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று எழுதின. மருந்தும் மற்ற நோயாளிகளிடம் அதே மாதிரி வேலை செய்யவில்லை. இதற்கு நடுவில் அந்த ஐந்து பேரின் கதையை நம்பி எத்தனை குடும்பங்கள் விலை உயர்ந்த ஊசிக்காக அலைந்திருக்கும் என்பதை ஆய்வுத்தாள் எண்ணுவதில்லை.

எதிர்க்கட்சியின் கணக்கு

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது விமர்சனம் இல்லை, வம்பு.

கசிவைக் குறைத்து உறுப்பையும் காத்த மருந்துகள் உண்டு. ரெமுஸ்ஸி குழுவின் ராமிப்ரில் சோதனையில், 1997ல், நாளொன்றுக்கு 3 கிராமுக்கு மேல் புரதம் இழந்தவர்களின் வடிதிறன் மாதத்துக்கு 0.88 மில்லிலிட்டர் வீதம் சரிந்தது. ராமிப்ரில் எடுத்தவர்களுக்கு 0.53. பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்பே நிறுத்தினார்கள். 2001ல் சர்க்கரை நோயாளிகளிடம் லோசார்டன் டயாலிசிஸ் நிலையை எட்டுவதை 28 சதவீதம் குறைத்தது.

எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த கணக்கும் உண்டு. 2019ல் 41 சோதனைகள், கிட்டத்தட்ட 30,000 பேர். மருந்து ஆல்புமினை ஒவ்வொரு 30 சதவீதம் குறைக்கும்போதும் சிறுநீரகம் மோசமாகும் அபாயம் சராசரியாக 27 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். வலுவான முடிவு. ஆனால் அதே ஆய்வுக்குள் இன்னொரு எண் இருக்கிறது: ஆல்புமினில் வந்த மாற்றம், இறுதிப் பலனில் தெரிந்த வேறுபாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் விளக்குகிறது. மீதிப் பாதி வேறு எங்கோ இருக்கிறது. சராசரியாக நல்ல வழிகாட்டி, தனி மருந்துக்கு உத்தரவாதம் இல்லை. நான் சொல்வதும் இதைத்தான்.

அனுமதி கொடுக்கிறவர்கள் இதை ஓரளவு புரிந்துகொண்டு நடக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஐஜிஏ நெஃப்ரோபதிக்கு, குடலில் போய்க் கரையும் புடசோனைடு மருந்துக்கு அமெரிக்காவில் 2021ல் புரதம் குறைந்ததை வைத்து விரைவு அனுமதி கொடுத்தார்கள். வடிதிறன் கணக்கு வந்த பிறகே, 2023 கடைசியில், முழு அனுமதி. விரைவு அனுமதி என்பது கடன், பின்னால் அடைக்க வேண்டியது என்ற ஏற்பாடு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. செய்தியில் மட்டும் கடன் வாங்கிய அன்றே ‘பாதுகாக்கிறது’ என்று வந்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. கடந்த சில வருஷங்களில் வடிகட்டிக்கு மிகப் பெரிய உதவி செய்த மருந்துகளின் முக்கிய வேலையிடம் போடோசைட்டே இல்லை. டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் நுண்குழலில் சர்க்கரையும் சோடியமும் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. கீழே சோடியம் அதிகமாக வருவதை உணர்ந்த நெஃப்ரான், மேலே ரத்தம் உள்ளே வரும் வாசலைச் சற்றுச் சுருக்குகிறது. கிளாமருலஸுக்குள் அழுத்தம் இறங்குகிறது, போடோசைட்டின் பாரம் குறைகிறது. 2020ல் வந்த டபா-சிகேடி சோதனையில் 4,304 பேர். வடிதிறன் பாதியாவது, டயாலிசிஸ் நிலை, சிறுநீரக அல்லது இதய மரணம் எல்லாம் சேர்ந்த கணக்கு வெற்று மாத்திரைப் பிரிவில் 14.5 சதவீதம், மருந்துப் பிரிவில் 9.2. இங்கே யாரும் புரதத்தை மட்டும் காட்டி நம்பச் சொல்லவில்லை. உறுப்பை எண்ணிக் காட்டினார்கள்.

இதிலும் ஒரு பாடம். இந்த மாத்திரை தொடங்கிய முதல் சில வாரத்தில் வடிதிறன் கொஞ்சம் இறங்கும். வாளியைப் பார்க்கிறவர் போல அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் நல்ல மருந்தைத் தூக்கிப் போட்டிருப்போம்.

தட்டில் வளர்ந்த செல்

மூலிகைச் சாறுகள், புது மூலக்கூறுகள் பற்றிய ‘போடோசைட் பாதுகாப்பு’ தாள்களில் இரண்டு சாட்சிகள் அடிக்கடி வரும். முதல் சாட்சி, ஆய்வகத் தட்டில் வளர்த்த போடோசைட். 33 டிகிரியில் பெருகி, 37 டிகிரியில் முதிரும்படி மாற்றிய செல் வரிசைகள் 1990களின் கடைசியிலிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளன. நிறைய கற்றுக்கொடுத்தவை. ஆனால் தட்டில் ரத்த அழுத்தம் கிடையாது, கீழே ரத்தக்குழாய் கிடையாது, விரல் கோத்த பாதங்களும் ஒழுங்கான பிளவுச் சவ்வும் கிடையாது. வடிகட்டும் வேலையே இல்லாத இடத்தில் வடிகட்டியைக் காப்பாற்றியதாகச் சொல்வதை எந்த அளவுக்கு ஏற்பது?

இரண்டாவது சாட்சி, அட்ரியாமைசின் கொடுத்த பால்ப்-சி வெள்ளைச் சுண்டெலி. ஒரே ஊசியில் புரதம் கொட்ட ஆரம்பித்துவிடும், ஆகவே வசதி. ஆனால் சி57 வகைச் சுண்டெலிக்கு அதே ஊசி போட்டால் அவ்வளவாக ஒன்றும் ஆகாது. ஏன் என்று தோண்டியவர்கள் 2010ல் கண்டது, பால்ப்-சி எலிக்கு டிஎன்ஏ பழுது பார்க்கும் ஒரு மரபணுவில் பிறவிக் குறை. ஆக அந்த எலியில் நாம் பார்க்கும் நோயில் ஒரு பெரும் பங்கு அந்தக் குறையின் நோய். அதை அடக்கிய சாறு, சர்க்கரை நோயாளியின் இருபது வருஷச் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு இது சாட்சியே இல்லை.

இந்தத் தாள்கள் ஆரம்பக் குறிப்புகள். ஆரம்பக் குறிப்பாக எழுதினால் சண்டையே இல்லை. தலைப்பில் ‘நாள்பட்ட சிறுநீரக நோயில் பாதுகாப்பு’ என்று போடும்போதுதான் தகராறு. அந்தத் தலைப்பைக் காட்டி டப்பாவில் சூரணம் விற்கிறவர் வருவார்; ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதை வாங்குகிறவர் வருவார்.

பிறகு எதைக் கேட்பது?

அபோஎல்1 கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் எல்லாம் சரியாக அமைந்த இடத்திலும் கேள்வி மிச்சம் இருக்கும் என்பதற்கு அது உதாரணம். துளை போடும் அந்தப் புரதத்தை அடைக்க இனாக்ஸாப்ளின் என்ற மாத்திரை. குற்றவாளி யார் என்று மரபணு சொல்லிவிட்டது, மருந்து நேராக அவனைப் பிடிக்கிறது. 2023ல் வந்த முதல் நோயாளிச் சோதனையில் 16 பேர்; கணக்கில் எடுத்த 13 பேருக்கு 13 வாரத்தில் புரதம் சராசரியாக 47.6 சதவீதம் குறைந்தது. ஒப்பிட வேறு பிரிவு இல்லை. எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். ஆனால் அந்த நம்பிக்கை வருவது மரபணுவிலிருந்தும் இயக்கமுறை விளக்கத்திலிருந்தும், 47.6 என்ற எண்ணிலிருந்து கொஞ்சம்தான். அடுத்த பெரிய சோதனையை வெற்று மாத்திரைப் பிரிவோடு, வடிதிறன் சரியும் வேகத்தையும் அளக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது அதுதான்.

ஆகவே ‘வடிகட்டி செல்லைக் காக்கிறது’ என்று அடுத்த முறை படிக்கும்போது, நான் கேட்டுக்கொள்கிற நான்கு கேள்விகளை நீங்களும் கேட்டுப் பாருங்கள். எந்தப் புரதத்தைச் சொல்கிறார்கள்: சாப்பிட்டதா, கசிந்ததா, செல்லைத் தாக்கியதா? கசிவு குறைந்தபோது வடிதிறன் என்ன ஆனது? செல்லை யாராவது எண்ணினார்களா? திசுவில் எண்ணலாம், கழன்று சிறுநீரில் வரும் போடோசைட்டின் ஆர்என்ஏவை அளந்தும் பார்க்கலாம், வழி இருக்கிறது. கடைசியாக, எத்தனை பேர், எத்தனை மாதம், யாரோடு ஒப்பிட்டு?

ஒரு விஷயத்தைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுநீர் ஆல்புமின் பரிசோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கிரியாட்டினின் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கிரியாட்டினின் ஏறும் முன்பே ஆல்புமின் கசிவு பல வருஷம் முன்னால் மணி அடித்துவிடும். ஆல்புமின் - கிரியாட்டினின் விகிதம் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் திரும்பச் சோதித்துக் கவனிக்க வேண்டும், 300ஐத் தாண்டினால் அலட்சியத்துக்கே இடமில்லை. மருத்துவர் எழுதிய லோசார்டனையோ டபாகிளிஃப்ளோசினையோ இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்த வேண்டாம். அவை உறுப்பை எண்ணிக் காட்டித் தேறிய மருந்துகள். மணி அடித்தால் எழுந்துதான் ஆக வேண்டும். மணியின் நாக்கைக் கட்டிவிட்டு நெருப்பை அணைத்துவிட்டோம் என்று எழுதுகிறவர்களோடு மட்டும்தான் எனக்கு வழக்கு.